கூரைக்குக் கீழே ஒரு பெயர்

பேக்கரியில் அவளைக் கோன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கேக்கின் மேல் கிரீமால் பெயர் எழுதுவது அவள் வேலை. இருபத்தாறு வருடமாகக் கையில் கிரீம் கோன், கண்ணெதிரே ஆர்டர் சீட்டு. சீட்டில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து எழுதுவாள். யாருக்கு, எதற்கு என்று கேட்பது கிடையாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவரிடம், "இது உங்க மனைவி பேருங்களா?" என்று விசாரிக்கப்போய், பின்னால் நின்ற அந்த மனைவியால் கடையே ரெண்டுபட்டது. எழுது, கேட்காதே என்று முதலாளி அன்று உத்தரவு போட்டார். அதை அப்படியே வீட்டுக்கும் கொண்டுபோனதுதான் தன் சாமர்த்தியம் என்று இப்போது தானே சொல்லிச் சிரிக்கிறாள்.

மகன் தன்னோடு வேலை பார்த்த சீனப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டபோது அவள் போகவில்லை. கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது. அந்தப் பெண்ணிடம் என்ன பேசுவது என்று பயந்து, அன்றைக்கு ஓவர்டைம் கேட்டு வாங்கிக்கொண்டு, யார் யார் கல்யாணத்துக்கோ கேக் எழுதினாள். அதற்குப் பிறகு இரண்டு வருடம் மகன் போனில் மட்டும் வந்தான். போன வாரம், ஞாயிற்றுக்கிழமை இருவரும் வருகிறோம் என்றவன் கூடவே ஒன்று சொன்னான்.

"கல்யாணத்தன்னிக்கு நீ வராம அவ முகம் வாடிப்போச்சு. இந்தத் தடவையும் வாடிச்சுன்னா, இனிமே கூட்டிட்டு வரமாட்டேம்மா."

அவளுக்கு மன்னிப்புக் கேட்க வாய் வராது. ஆனால் கை இருக்கிறதே. ஒரு கேக் செய்து, அதன்மேல் வீடு என்பதைச் சீன எழுத்தில் எழுதி வைத்துவிட்டால், மருமகள் படித்துப் பார்த்து மீதியைப் புரிந்துகொள்வாள். ஒரே ஓர் எழுத்துதானே, இருபத்தாறு வருடக் கைக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்று நினைத்தாள்.

போனில் எழுத்துப் பழக்கும் ஓர் ஆப்பை இறக்கினாள். 家 என்று வந்தது. மேலே ஒரு புள்ளி, அடுத்து கூரை, கூரைக்குக் கீழே சாய்ந்த கோடுகளாக ஒரு கூட்டம். எவ்வளவு நீளமான பெயரானாலும் கையை எடுக்காமல் ஒரே இழுப்பில் முடிப்பதுதான் அவளுடைய பெருமை. இந்த எழுத்தோ பத்துத் தடவை கையை எடுக்கச் சொன்னது. எடுத்த இடத்திலெல்லாம் கிரீம் எலி வாலாக நீண்டது. போன் திரையில் விரலால் எழுதும்போது கூரையைக் கடைசியில் போட்டால், தப்பு என்று ஆப்பில் ஒரு வாத்து அழுதது. ஒரே நாளில் நாற்பது தடவை வாத்தை அழவைத்த பெருமை அவளையே சேரும்.

வீட்டுத் தட்டுகளில் எல்லாம் எழுதிப் பழகினாள். கணவர் ஒவ்வொரு தட்டையும் வழித்துத் தின்றுவிட்டு, கோழி கிளறின மாதிரி இருந்தாலும் இனிப்பு சரியாக இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்தார். சனிக்கிழமை மாலை வாத்து ஒருவழியாகச் சிரித்தது. இவளுக்குத் தலைகால் புரியவில்லை.

ஞாயிறன்று வந்தார்கள். இவள் வரவேற்றுப் பேச வேண்டியதையெல்லாம் விழுங்கிவிட்டு, கேக்குப் பெட்டியை மேசையில் வைத்துத் திறந்தாள். மருமகள் குனிந்து பார்த்தாள். பிறகு அவள் கணவன் முகத்தைப் பார்க்க, அவன் மின்விசிறியைப் பார்த்தான். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள் இவள்.

"தப்பா எழுதிட்டேனாம்மா?"

"தெரியாது அத்தை." மகனிடம் கற்ற தமிழில் மருமகள் மெதுவாகச் சொன்னாள். "எனக்குச் சீன எழுத்து படிக்க வராது. எங்க வீட்ல அப்பாவுக்கே வராது. எல்லாரும் இங்கிலீஷ்ல படிச்சவங்க."

மகன் தலையில் கை வைத்துக்கொண்டான். ஒரு வார்த்தை தன்னிடம் கேட்டிருக்கக் கூடாதா என்றான். கேட்டிருக்கலாம்தான். யாரைக் கேட்டாள் இவள்? வாத்தைக் கேட்டாள். வெட்கத்தில் சிரிப்பு வந்தது, சிரிப்போடு கண்ணீரும் வந்தது.

"என்ன எழுதியிருக்கீங்க, சொல்லுங்க அத்தை."

"வீடுன்னு எழுதினேன். இது உன் வீடும்தான்னு சொல்ல வந்தேன்."

மருமகள் விரலை நீட்டி, கிரீமில் படாமல், அந்தக் கூரையின் மேலேயே ஒருமுறை வரைந்து பார்த்தாள். பிறகு எழுத்துக்குக் கீழே இருந்த வெற்றிடத்தைக் காட்டி, இது எதற்கு என்று கேட்டாள்.

அது பெயர் எழுதும் இடம். கேக் என்றால் கை தானாகவே அந்த இடத்தை விட்டுவிடும். அதை நிரப்பாமல் விட்டதற்குக் காரணம் வேறு. மகன் போனில் கொஞ்சிக் கூப்பிடும் செல்லப்பெயர்தான் இவளுக்குத் தெரியும். ஊரில் யார் யார் பெயரையோ எழுதித் தேய்ந்த கைக்கு, சொந்த மருமகளின் பெயர் தெரியாது.

சமையலறைக்குப் போய் மிச்சக் கிரீமைக் கோனில் அடைத்துக்கொண்டு வந்தாள். சீட்டு எதுவும் இல்லாமல் கேக்கின் முன் உட்கார்ந்தாள்.

"உன் முழுப் பேரு என்னம்மா?"

மருமகள் சொன்னாள். இவள் இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, தமிழில் எழுதினாள்.