பெங்களூரில் இல்லாதவர்

மதில்மேல் வெயில் இன்னும் மிச்சமிருக்கும்போதே தரணேந்திரன் தட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுகிறார். சோறு அப்போதுதான் வடித்திருக்கும். ரசம் கொதிக்கவில்லையென்றால் மோரே போதும் அவருக்கு. அந்த வீட்டின் மற்ற ஆண்கள் இருட்டிய பிறகு, கூட்டமாக, சத்தமாகச் சாப்பிடுவார்கள். இவர் தனியாக உண்டு முடித்து, வாயைக் கொப்பளித்துவிட்டு, சமையலறை ஓரம் சுவரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நிற்பார்.

"எங்க சனங்க பொழுதோடயே சாப்ட்டுடுவோங்க. குடிச்சிக்கினு திரிஞ்சப்ப பொழுது எப்ப சாஞ்சிதுன்னே தெரியாது. இப்பதான் திரும்பப் புடிச்சிக்கினேன்."

செஞ்சிப் பக்கத்து நயினார் குடும்பம், தமிழ்ச் சமணர்கள். மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை வாங்கி விற்கிற வியாபாரம். கறியும் மீனும் வாசற்படி ஏறாத வீட்டுக்குள் இவர் பாட்டிலை ஏற்றினார். எண்ணெய் டின்களுக்குப் பின்னால், சாக்குக் கட்டுக்கு நடுவில், ஒருமுறை பூஜை அலமாரிக்கு அடியில். பாட்டிலை மறைக்கப் பொய், பொய்யை மறைக்க இன்னொரு பொய். வியாபாரம் போனது. கடைசியில் மனைவி ராஜமதி விழுப்புரத்தில் சிகிச்சைக்குச் சேர்த்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினார்.

சிகிச்சை முடிந்ததும் திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் இந்த வீட்டுக்கு வந்தார். குடியை விட்டவர்கள் ஒன்றாகத் தங்கி, திரும்பவும் வேலைக்குப் போகப் பழகும் வீடு. நடத்துகிற தேவாவும் ஒரு காலத்தில் குடித்தவர்தான். "நீ ஊருக்குப் போலாம்ப்பா" என்று அவர் எப்போதோ சொல்லிவிட்டார். ஊரிலிருந்து கூப்பிடத்தான் ஆள் இல்லை.

பகலில் ஒரு ஹார்டுவேர் கடையில் ஆணி எடைபோடுகிறார். நேர்வழியில் மதுக்கடை இருப்பதால் ரயில்வே கேட்டைச் சுற்றிப் போகிறார். சளி பிடித்தால் இருமிக்கொண்டே இருப்பார், சாராயம் கலந்திருக்கும் என்று டானிக்கைத் தொடமாட்டார். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், "இன்னைக்கு வரைக்கும் சரிங்க" என்பதே பதில். ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றவர்களைப் பார்க்க வீட்டார் வருவார்கள். அன்று முழுக்க இவர் கிணற்றடியில் துணி துவைப்பார். தன் துணி தீர்ந்துபோனால் அடுத்தவர் துணியை வாங்கித் துவைப்பார்.

தை மாதத்தில் ராஜமதியிடமிருந்து போன் வந்தது. மகள் சாந்தினிக்கு விழுப்புரத்தில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் வெகுகாலம் முன்பே தஞ்சாவூர்ப் பக்கம் போய்விட்டவர்கள், இவர் கதை தெரியாதவர்கள். "நீங்க வரவேணாம். பெங்களூர்ல யாவாரம், வர முடியலன்னு சொல்லிருக்கிறேன். வீடியோவுல ரெண்டு வார்த்தை பேசிட்டு வச்சிடுங்க."

இவரிடம் இருப்பது பட்டன் போன். அதனால் என் போனைக் கேட்டு வந்தார். சலவைச் சட்டை, வழித்த முகம். ஊர் அடையாளம் எதுவும் தெரியாதபடி எங்கள் கூடத்து வெற்றுச் சுவரில் சாய்ந்து நின்றார். திரையில் முதலில் பட்டுப்புடவை கட்டிய சாந்தினி வந்தாள். பிறகு மாப்பிள்ளையின் அப்பா வந்தார்.

"சம்பந்தி, பெங்களூர்ல குளிர் எப்படி?"

இவர் போனை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். எனக்கே, 'ஜாஸ்தி' என்று எடுத்துக் கொடுக்கலாமா என்றிருந்தது.

"நான் பெங்களூர்ல இல்லீங்க. திண்டிவனத்துல இருக்கிறேன். குடிகாரனுங்க நான். இப்ப விட்டுட்டு, விட்டவங்களோட தங்கிக்கினு இருக்கிறேன். எம் பொண்ணு தங்கமான பொண்ணுங்க."

யாரோ ஒருவருடைய கை திரையை மூடியது. சற்று நேரத்தில் அவருடைய பட்டன் போன் அடித்தது. ராஜமதியின் குரல் எனக்கே கேட்டது.

"எத்தினி வருசம் எங்கிட்ட பொய் சொன்னீங்க! எம் பொண்ணுக்காக ஒரே ஒரு பொய் சொல்ல வாய் வரலியா?"

போனை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "அவ கேக்கறது நியாயந்தாங்க. ஆனா ஒண்ணு சொன்னா அடுத்தது பின்னாலயே வந்துடும்ங்க. அந்த வழி எனக்குத் தெரியும்." அன்று அவர் சாப்பிடவில்லை.

செய்தது சரிதான் என்று தேவா அவரைத் தேற்றினார். சில நாள் கழித்து அதைப் பற்றி தரணேந்திரன் என்னிடம் சொன்னார்: "சரிதாங்க. ஆனா சரின்றது பக்கத்துல குந்திக்கினு பேச்சுக் கொடுக்காது பாருங்க." அதன் பிறகு ராஜமதி போன் செய்யவில்லை. கல்யாணம் நிற்கிறதா நடக்கிறதா என்றுகூட இவருக்குச் சொல்வாரில்லை. தானாகக் கேட்கவும் துணியவில்லை.

போன வாரம் ஒரு பிற்பகல் எதிர்வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றிய இளைஞன், "தரணேந்திரன் மாமா இங்கதான இருக்காங்க?" என்று கேட்டான். மாப்பிள்ளை தர்மேஷ். புதுச்சேரியில் கம்பெனி வேலை, கண்டமங்கலத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான்.

"தேதி மாறல மாமா. அப்பாவுக்குக் கோபம் இன்னும் தீரல. அத்தையும் சரியா பேசறதில்ல. நான் உங்கள நேர்ல பாக்கணும்னு வந்தேன்."

தரணேந்திரன் உள்ளே ஓடிப்போய் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்து வாசலில் போட்டார். தோள் துண்டை எடுத்து அதைத் துடைத்தார். கைப்பிடியைத் துடைத்தார், முதுகைத் துடைத்தார், கால்களைத் துடைத்தார். "குந்துங்க, குந்துங்க" என்று சொல்லிக்கொண்டே, அந்தப் பையன் உட்கார இடம் விடாமல், மறுபடியும் முதலிலிருந்து துடைக்க ஆரம்பித்தார்.