அடைக்கலம் வேண்டாமென்ற ரோடு

அடைக்கலத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபந்தான் முதலில் வருகிறது, அழுகை அப்புறம். பச்சைமலை மேலே அவனுடைய ஊர். கீழே உப்பிலியபுரத்தில் என் மளிகைக் கடைக்குப் புளியும் பலாப்பழமும் தலைச்சுமையாகக் கொண்டுவருவான். மலையில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் டோலி கட்டித் தூக்கிவர வேண்டும். பாதிப்பேர் வழியிலேயே போய்விடுவார்கள். ஒரே மகள் காளியாயிக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து அவனுக்கு அதே பயம்.

திருச்சி ஜங்ஷனில் ஒருமுறை, பிரசவ வலியோடு வந்த பெண்ணை ரயிலிலிருந்து இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதைப் பார்த்துவிட்டான். அவ்வளவுதான், "எங்க மலைக்கும் ரயில் வரணுங்க" என்று பிடித்துக்கொண்டான்.

"ஏம்ப்பா, ரயில் என்ன ஆட்டுக்குட்டியா, மலையேற?"

"ஊட்டிக்கு ஏறுதாமுல்ல!"

அது 1957 தேர்தல் சமயம். ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதிக்கு, எங்கள் தொகுதி வேட்பாளர் திருவேங்கடத்தின் வீட்டுக்கு அவனை அழைத்துப்போனேன். நல்ல மனுஷர். ஓட்டுக் கேட்டு மூச்சிரைக்க மலையேறியும் வந்தார். "ரெங்கநாதன் கிருபையில ரயில் வரும்" என்று சொல்லி, கருப்பன் கோயிலில் எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியமும் செய்தார். ஊரே அவருக்கு ஓட்டுப் போட்டது. ஜெயித்தார்.

சாமி முன்னால் வாங்கிய வாக்கை மறுபடி போய்க் கேட்கக் கூடாது என்பது அந்த மலை வழக்கம். கேட்டால் சாமியையே சந்தேகப்பட்டதாகிவிடுமாம். "இவங்களை எல்லாம் நச்சரிச்சாத்தாம்ப்பா காரியம் நடக்கும்" என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே?

சில வருஷம் கழித்து திருவேங்கடமே என் கடைக்கு வந்து, அடைக்கலத்துக்கு ஆளனுப்பினார். "ரயிலுக்கு டெல்லியில ஒத்துக்க மாட்டேங்கறா. ஜீப் போறாப்பல ரோடு போட்டுத் தரேன். ஊர்ல சரின்னு சொன்னாப் போதும்."

அடைக்கலம் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பணிவாகச் சொன்னான்: "கருப்பன்கிட்ட சொன்னது ரயிலுங்க. நாங்க ரோட்ட வாங்கிக்கிட்டா உங்க சத்தியம் பொய்யாப் போயிருங்க. உங்க குடும்பத்துக்கு ஆகாதுங்க."

அட பாவி! அந்த மனுஷருடைய குடும்பத்துக்காக இவன் பயப்படுகிறான்! மன்றாடினேன், திட்டினேன், அசையவில்லை. ஊரும் அவன் பக்கம் நின்றது. ரோடு வேறொரு மலையூருக்குப் போனது.

அடுத்த மழைக்காலத்தில் காளியாயிக்கு வலி கண்டது. டோலி பாதி மலை இறங்குவதற்குள் பிள்ளை பிறந்து, அழாமலேயே போய்விட்டது. அவள் பிழைத்தாள். இனிப் பிள்ளை கிடையாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவள் புருஷன் மூக்கனுக்குத் திருவெறும்பூர்ப் பக்கம் கட்டட வேலை கிடைத்ததும் இருவரும் மலையை விட்டே போனார்கள்.

அறுபத்துநாலில் அவளைப் பார்க்க அடைக்கலத்தோடு நானும் போனேன். சோறு போட்டாள், என் வீட்டில் எல்லாரையும் விசாரித்தாள். கிளம்பும்போது அவன், "ஒரு தடவ ஊருக்கு வந்துட்டுப் போம்மா" என்றான்.

காளியாயி கோபப்படவில்லை. "அடுத்தவங்க குடும்பத்துக்கு ஆகாதுன்னு பயந்தியேப்பா. நான் உன் குடும்பம் இல்லியா?" என்றாள்.

துறையூர் வரும்வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தான். அன்றைக்கு அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.