மூன்றாவது பல்பு

நான் முதன்முதலாகத் தனியாகப் பொறுப்பேற்றுப் புதுப்பித்த காட்சிப்பொருளை, திறப்புக்கு மூன்று நாள் இருக்கும்போது மல்லிகா அக்கா ஒரே சுற்றில் தோற்கடித்தார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் பட்டறை. அறிவியல் அருங்காட்சியகங்களுக்குக் காட்சிப்பொருள் செய்து தருவோம், பழசைப் புதுப்பிப்போம். மல்லிகா அக்கா நாங்கள் வேலை எடுத்திருந்த மின்சாரக் கூடத்தின் அட்டெண்டர். பூந்தமல்லி பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர்.

1. விரலால் சுற்றலாம்

பொருள் எளிமையானதுதான். கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே டைனமோ சுழலும். எதிரே மூன்று பல்பு, மூன்று சுவிட்ச். பட்டறைக்குக் கொண்டுவந்தபோது கைப்பிடி ஆடியது, பேரிங் கரகரத்தது, இரண்டு பல்பு ஃபியூஸ்.

நான் ஐ.டி.ஐ. வாசல் மிதிக்காதவன், லேத்தில் நின்று கற்றவன். எங்கள் பட்டறையிலிருந்து ஒரு பொருள் கரகரவென்று வெளியே போகக் கூடாது என்பது என் பிடிவாதம். புது பேரிங் போட்டேன். பல்பை எடுத்துவிட்டு எல்.இ.டி. மாட்டினேன். மெதுவாகச் சுற்றினால் அது மினுக்கியது. நடுவில் ஒரு பேட்டரி வைத்தேன். கடைசியில் ஒற்றை விரலால் சுற்றலாம் என்றானது.

அருங்காட்சியக எஞ்சினியர் சுற்றிப் பார்த்து, "வழுக்கிட்டுப் போகுதே" என்று பாஸ் பண்ணிக் கையெழுத்துப் போட்டார். ஆனால் எங்கள் முதலாளி வரதன் சார் எப்போதும் ஒன்று சொல்வார். "எஞ்சினியர் ஒரு தபா சுத்துவாரு. ஸ்கூல் பஸ் வந்தா நானூறு கை சுத்தும். அதுல பாஸாவணும்."

2. கனக்கலை

பொருளைக் கூடத்தில் நிறுத்தி போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு வந்து சுற்றினார்.

"இன்னா தம்பி, இது கனக்கவே இல்லியே?"

"அதுக்குத்தான்க்கா இவ்ளோ வேலை" என்றேன், பெருமையாக.

அவர் மூன்று சுவிட்சையும் போட்டுவிட்டு மறுபடி சுற்றினார். "பழசுல ஒரு பல்பு போட்டா லேசா போவும். ரெண்டு போட்டா இழுக்கும். மூணாவது போட்டா கைய யாரோ புடிச்சிகினா மாரி ஆயிடும். அங்கதான் புள்ளைங்க கத்தும், 'மிஸ், கரண்டு கனக்குது'ன்னு. இத சுத்திட்டு இன்னாத்த கத்துவாங்க?"

எல்.இ.டி. குறைந்த கரண்டில் எரியும், பேட்டரி சீராகக் கொடுக்கும் என்றெல்லாம் விளக்கினேன். தலையாட்டிவிட்டுத் துடைக்கப் போய்விட்டார். நான் நிமிர்ந்தேன். எதிர்ச் சுவரில் நானே முந்தின நாள் மாட்டிய போர்டு: 'அதிக விளக்குகள் எரிய அதிக உழைப்பு தேவை.'

எஞ்சினியர் கையெழுத்து இருக்கிறது. நான் வாயைத் திறக்காவிட்டால் திறப்பு நல்லபடி முடியும். திறந்தால், முதல் பொறுப்பிலேயே கோட்டைவிட்டவன் என்று பெயர். ஸ்பேனரைக் கீழே வைத்தேன். வரதன் சாருக்கு போன் போட்டு அக்கா சொன்னதைச் சொன்னேன்.

"நீ சுத்திப் பாத்தியா?"

"பாத்தேன் சார்."

"கனக்கலைன்னு தெரியலையா?"

"கனக்கக் கூடாதுன்னுதான் சார் பேரிங்கே போட்டேன்."

 திட்டப்போகிறார் என்று நினைத்த நேரத்தில், சிரித்தார். "நல்லா வேலை தெரிஞ்சவன்தான்டா இப்படித் தப்பு பண்ணுவான். கழட்டு."

3. நாலாவது சுவிட்ச்

பேட்டரியை எடுத்தேன். டைனமோவிலிருந்து பல்புக்கு நேராக ஒயர் இழுத்தேன். வண்டி இண்டிகேட்டருக்குப் போடுகிற பன்னிரண்டு வோல்ட் பல்பு வேண்டும் என்றதும், கரையான்சாவடியில் தெரிந்த ஸ்பேர்ஸ் கடை இருப்பதாகச் சொல்லி, மறுநாள் காலை அக்காவே ஒரு பெட்டி வாங்கிவந்தார். ஃபியூஸானால் தானே மாற்றிக்கொள்வதாகவும் சொன்னார்.

பாஸ் பண்ணியதை யார் பிரிக்கச் சொன்னது என்று எஞ்சினியர் கோபப்பட்டார். தப்பு என்னுடையது என்று சொல்லி, சுற்றிப் பார்க்கச் சொன்னேன். இரண்டு பல்பு வரை ஒரு கையால் சுற்றினார். மூன்றாவதைப் போட்டதும் தன்னையறியாமல் இன்னொரு கையையும் கொண்டுவந்தார். இன்னொரு தரம் கையெழுத்துப் போட்டார்.

"உன் லேசான லைட்டையும் ஓரமா வையி தம்பி" என்றார் அக்கா. "அத்தனையும் வீணாவ வேணாம்." நாலாவது சுவிட்சில் ஒற்றை எல்.இ.டி. மாட்டினேன்.

திறந்த வாரம் நான் பார்க்கப் போயிருந்தபோது ஆவடியிலிருந்து ஒரு பள்ளிக்கூடம் வந்தது. ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண் மூன்று பல்புக்கும் தோளைச் சாய்த்துச் சுற்றினாள், மிஸ்ஸைக் கூப்பிட்டுக் கத்தினாள். பிறகு மூன்றையும் அணைத்துவிட்டு எல்.இ.டி.யை மட்டும் போட்டுச் சுற்றி, முகம் சுருக்கிக் கேட்டாள்.

"இது ஏன் மிஸ் கனக்கவே இல்ல?"

மிஸ் விளக்க ஆரம்பித்தார். மல்லிகா அக்கா தூணோரம் நின்று என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இது ஒன்றுதான். இப்போது எந்தக் கூடத்துக்குப் போனாலும், அளவெடுக்க டேப்பை எடுப்பதற்கு முன்னால் அந்தப் பொருளுக்குப் பக்கத்தில் வருஷக்கணக்காக நிற்பவரைத் தேடிப்போய், பிள்ளைகள் இதில் எந்த இடத்தில் கத்துவார்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த இடத்தில் மட்டும் கிரீஸ் போடுவதில்லை.