கார் நிறுத்துமிடத்தில் ஒரு தோணி

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு நான் போனது மிக்ஸி ஜாருக்கு ஒரு மூடி வாங்க. திரும்பியது பதினோரு அடித் தோணியோடு. மூடி கிடைக்கவில்லை.

பழைய சாமான் விற்பவர் அதைக் கவிழ்த்துப் போட்டு, மேலே ஓடாத டேப் ரிக்கார்டர்களை அடுக்கியிருந்தார்.

“இது என்னண்ணா?”

“மேசைதான்க்கா.”

“அடியில?”

குனிந்து பார்த்தார். “அட, ஆமா, படகு. கேரளாலேர்ந்து வந்துச்சி. எங்க தாத்தா வயசு கீது.”

ஒரே மரத்தைக் குடைந்து செய்தது. ஏன் வாங்கினாய் என்று இன்றும் கேட்கிறார்கள். அழகாக இருந்தது, அவ்வளவுதான். முப்பது வருடம் அலுவலகத்தில் தேவையானதை மட்டும் வாங்கச் சொல்லிக் குறிப்பெழுதியவள் நான். ஓய்வுபெற்ற பிறகாவது தேவையில்லாத ஒன்றை வாங்க வேண்டாமா?

குட்டி யானை வண்டியில் ஏற்றி ஊரப்பாக்கம் குடியிருப்புக்குக் கொண்டுவந்தேன். கேட்டில் நின்ற கணவர் தோணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். பக்கத்தில் நின்ற குடியிருப்போர் சங்கச் செயலாளர் போகவில்லை.

“மேடம், இது கார் பார்க்கிங்.”

“எங்களுக்குக் கார் இல்லையே சார். இதுவும் வண்டிதான்.”

“ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் இருக்கா?”

“உங்க சைக்கிளுக்கு இருக்கா?”

அன்று முழுக்க வாட்ஸ்அப் குழுவில் என்னைப் பற்றித்தான் பேச்சு. நானும் அதே குழுவில் இருக்கிறேன் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

மூன்று வாரம் சுரண்டினேன். பச்சைப் பெயிண்ட், அதற்கடியில் நீலம், அதற்கடியில் தார். கடைசியில் தேன் நிறத்தில் மரம் தெரிந்தபோது, கையில் இரண்டு கொப்புளத்தோடு, குழந்தை பிறந்தது போலக் கணவரைக் கூப்பிட்டேன். “சாம்பார் தீயுது” என்றார்.

தாம்பரத்தில் கதவு செய்யும் தச்சரை வரவழைத்தேன். அவர் நுனியிலிருந்து நுனிவரை தட்டிப் பார்த்தார்.

“மரம் கெட்டிதான்க்கா. பின்னாடி மட்டும் உளுத்துகீது. இது கதவா இருந்தா இன்னிக்கே முடிச்சிடுவேன். படகு செஞ்சதில்லியே.”

“நானும்தான் செஞ்சதில்ல.”

அந்த நியாயம் அவருக்குப் பிடித்துவிட்டது. காசிமேட்டில் படகு வேலை பார்க்கும் மச்சானுக்கு போன் போட்டுக் கேட்டுக்கேட்டே வேலை செய்தார். உளுத்த பாகத்தை வெட்டியெடுத்துப் புதுக் கட்டை பொருத்தினார். வெடிப்புகளில் பருத்தி நூலைத் திணித்து, எண்ணெயில் உருக்கிய குங்கிலியப் பிசினை ஊற்றினார். கடைசியாக வெளிப்பக்கம் முழுக்க மீன் எண்ணெய்.

இந்தக் கடைசி விஷயத்தை முன்கூட்டியே விசாரித்திருக்கலாம். நாற்றத்தில் மூன்றாம் மாடியில் பஜனை பாதியில் நின்றது. தெருப் பூனைகள் குடும்பத்தோடு வந்து தோணியைச் சுற்றி உட்கார்ந்தன. பாட்டு கேட்டவர்களைவிட அவைதான் பக்தியோடு இருந்தன.

மறுவாரம் ஒரு காலை கணவரைக் காணோம். கீழே தோணிக்குள் காலை நீட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“இங்க காத்து நல்லா வருது” என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல். அந்த வாரமே பழைய கட்டில் சட்டத்தைச் செதுக்கித் துடுப்பும் செய்துவிட்டார். துடுப்பு என்று அவர்தான் சொன்னார்.

செங்கல்பட்டுக்கு அப்பால் தங்கை வீட்டுப் பண்ணைக் குட்டையில் இறக்கினோம். நான் கம்பீரமாக நின்றுகொண்டே ஏறினேன். தோணி ஒரு பக்கம் சாய்ந்தது, நான் மறுபக்கம் விழுந்தேன். இடுப்பளவுத் தண்ணீர்தான். கரையில் கணவர் சிரித்துச் சிரித்து உட்கார்ந்தேவிட்டார். அடுத்து அவர் ஏறினார். அதே மாதிரி விழுந்தார். போனில் வீடியோ எடுக்க மறந்துவிட்டேனே என்று தங்கை இப்போதும் வருந்துகிறாள்.

மூன்றாம் தடவை இருவரும் தோணியின் அடியோடு ஒட்டி உட்கார்ந்தோம். தோணி நகர்ந்தது. புதுக் கட்டைப் பக்கம் லேசாகக் கசிந்தது. அவர் டம்ளரால் மொண்டு ஊற்றினார். நான் துடுப்புப் போட்டேன். எதிர்க்கரை வந்தது.

“இறங்கலாமா?” என்றேன்.

“எதுக்கு? டம்ளரை நீ பிடி. இப்ப நான் ஓட்டறேன்” என்றார்.