தர்சினியின் இடக்கை உறை

தர்சினிக்குக் கை வேர்க்கும். வெயில் காலத்தில் மட்டும் என்றில்லை, மார்கழிக் குளிரிலும் வேர்க்கும். மிசன் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து படித்தவர்கள் நாங்கள். அதனால் எனக்கு அது ஆறாம் வகுப்பிலேயே தெரியும். சோதனை எழுதும்போது கைக்குக் கீழே வேர்வை துடைக்கும் லேஞ்சியை விரித்து வைத்துத்தான் எழுதுவாள். ஈரமான தாளை வாங்கும் ஆசிரியை முகத்தைச் சுளித்தால், இவள் அவரை அதைவிட மோசமாக ஒரு பார்வை பார்ப்பாள்.

பிறகு பெண் பார்க்க வந்தார்கள். தேத்தண்ணிக் கோப்பை இவளுடைய கையில் வழுக்கி மாப்பிள்ளையின் தாயாருடைய சேலையில் கொட்டியது.

"பிள்ளைக்கு ஏன் கை நடுங்குது?" என்று அந்த அம்மா கேட்டார்.

"நடுங்கேல்லை, வேர்க்குது. எனக்கு நெடுகலும் வேர்க்கும். யோசிச்சுப்போட்டுச் சொல்லுங்கோ" என்றாள் தர்சினி.

அவர்கள் யோசித்தார்கள், திரும்பி வரவில்லை. "காஞ்ச கையுள்ளவளாப் பாத்துக் கட்டட்டும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு அந்த விசயத்தை அத்தோடு விட்டாள். இப்போது முப்பத்துமூன்று வயது. சண்டிலிப்பாயில் தகப்பனோடு இருக்கிறாள். சுன்னாகத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடையை முழுக்க அவள்தான் பார்க்கிறாள். முதலாளிகூட அவளிடம் கொஞ்சம் பயந்துதான் கதைப்பார்.

நான் ஷெரோன். நல்லூரில் ரியூசன் நிலையம் ஒன்றில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். நாங்கள் பரம்பரைக் கிறிஸ்தவக் குடும்பம், தர்சினி வீட்டார் சைவம். எங்கள் தேவாலயச் சேகரத்துக்கு ஒரு வாலிபர் மண்டபம் உண்டு. கனடாவிலிருந்து ஒருவர் வாங்கிக் கொடுத்த பில்லியட்ஸ் மேசை அங்கே இருக்கிறது. மிசன் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் என்ன சமயமானாலும் சனிக்கிழமை பின்னேரம் வந்து விளையாடலாம். நான்தான் தர்சினியை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். ஒரே வருடத்தில் அவள் என்னை மட்டுமல்ல, மண்டபத்தில் பாதிப் பேரைத் தோற்கடித்தாள். நான் இன்றுவரை ஒருவரையும் தோற்கடிக்கவில்லை.

அந்த விளையாட்டில், தடியால் பந்தை இடித்து மேசையோரத்துப் பொக்கற்றுகளுக்குள் விழுத்துவதற்கு, இடக்கையை மேசையில் ஊன்றி, பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாகப் பிடிக்க வேண்டும். வலக்கை தள்ளும் தடி அந்த வளையத்துக்குள்ளால் வழுக்கிப் போக வேண்டும். விரல் ஈரமாக இருந்தால் தடி ஒட்டிக்கொள்ளும். நேராகப் போக வேண்டிய பந்து எங்கேயோ போகும். அதனால் மண்டபத்து மூலையில் ஒரு தகரப் பேணியில் பவுடர் வைத்திருக்கிறார்கள். மற்றவர்களுக்கு ஒரு சிட்டிகை காணும். தர்சினி அள்ளித்தான் பூசுவாள்.

போன வருடத்து இறுதிப் போட்டி, நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு வந்தது. அன்று பார்த்து கரண்ட் போய்விட்டது. விசிறி நின்றது. எல்லோருக்கும் வேர்த்தது, எல்லோரும் பவுடர் பேணியைக் கவிழ்த்தார்கள். தர்சினியின் முறை வரும்போது பேணியில் ஒன்றுமில்லை. எதிரே நின்றவர் ஜெபசீலன் அண்ணை. வான் ஓட்டுகிறவர், மூன்று தடவை சாம்பியன். தர்சினி தன் கைப்பைக்குள் கையை விட்டாள். காலையில் கோயிலில் வாங்கிய திருநீற்றுப் பொட்டலம் அகப்பட்டது. விரித்தாள், இடக்கை விரல்களில் தடவினாள், குனிந்தாள், அடித்தாள். தடி வெண்ணெயில் போவது மாதிரிப் போனது. ஜெபசீலன் அண்ணை தோற்றார்.

எல்லோரும் கை தட்டி முடிந்த பிறகுதான் வினை வந்தது. மண்டபக் குழுவின் தலைவர் நதானியேல் மாஸ்ரர், எங்கள் மிசன் பள்ளிக்கூடத்தின் ஓய்வுபெற்ற அதிபர். பச்சைத் துணியில் கிடந்த வெள்ளைத் தடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது என்ன பவுடர், பிள்ளை?"

"பவுடர் இல்லை மாஸ்ரர், திருநீறு" என்றாள் இவள், வெற்றிச் சிரிப்போடு.

வேறு யாராவது என்றால் பவுடர் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். இவளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. மாஸ்ரரின் முகம் மாறியது. பின்னால் யாரோ "மந்திரிச்சதோ தெரியாது" என்றார்கள். அடுத்த கிழமை குழு கூடியது. இனிமேல் கையில் ஒன்றும் பூசக் கூடாது என்று ஒரு சட்டம் போட்டார்கள். சுவரில் சாம்பியன்களின் பெயர் எழுதும் கறுப்புப் பலகை ஒன்று உண்டு. வருடா வருடம் பெயின்ரர் வந்து வெள்ளை எழுத்தில் எழுதிவிட்டுப் போவார். போன வருடம் அவரைக் கூப்பிடவில்லை. அந்த வருடத்துக்கு நேரே வெறும் கறுப்பாகவே கிடந்தது.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அன்று மண்டபம் கலையுமுன் நானும் அதே பொட்டலத்தில் ஒரு சிட்டிகை எடுத்துப் பூசிக்கொண்டு, சும்மா ஆடிய ஒரு ஆட்டத்தில் படு தோல்வி அடைந்தவள். எனக்கு வேலை செய்யாத திருநீறு அவளுக்கு மட்டும் எப்படி வேலை செய்தது என்று குழுக் கூட்டத்துக்கே போய் எழும்பிக் கேட்டேன். "நீர் கிறிஸ்தவப் பிள்ளை, உமக்கேன் அந்த வேலை?" என்று எனக்குத்தான் ஏச்சு விழுந்தது.

சண்டிலிப்பாயில் கதை வேறு மாதிரி. தகப்பன் பொன்னம்பலம் வெங்காயத் தோட்டக்காரர், மூன்று வேளையும் திருநீறு பூசுகிறவர். அவர் மண்டபத்தையும் திட்டவில்லை, மாஸ்ரரையும் திட்டவில்லை.

"இடக்கையிலையோ பூசினனீ?" என்று மட்டும் கேட்டார்.

"ஓமப்பா. வலக்கையிலை பூசி என்ன செய்யிறது? தடி ஓடுறது இடக்கைக்குள்ளாலை."

அவர் இரண்டு நாள் மகளோடு கதைக்கவில்லை. வேதக்காரருக்குத் திருநீறு பூசியது பிழை, சைவக்காரருக்கு இடக்கையில் பூசியது பிழை. பந்தைப் பொக்கற்றில் போட்டது யார் என்று இரண்டு பக்கத்திலும் ஒருவரும் கேட்கவில்லை. தர்சினிக்குச் சுட்டது அதுதான்.

"தோத்திருந்தால் தர்சினி தோத்தாள் எண்டு சொல்லியிருப்பினம். வெண்டவுடனை மட்டும் திருநீறு வெண்டதாம். எனக்கு அந்தப் பலகையிலை என்ரை பேர் வேணும், ஷெரோன்" என்றாள்.

பூசக் கூடாது என்றால் போடலாம்தானே என்று கையுறையில் இறங்கினாள். முதலில், ஸ்கூட்டியில் போகும்போது வெயிலுக்குப் போடும் நீட்டுக் கையுறையைப் போட்டுப் பார்த்தாள். துணி தடிப்பு, விரல் வளையம் சரியாகப் பொருந்தவில்லை. பாத்திரம் கழுவும் ரப்பர் உறையில் தடி அசையவே மறுத்தது. கடைசியில் பழைய லெகின்ஸ் ஒன்றை வெட்டி, பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றையும் மூடுகிற மாதிரித் தைத்தாள். மற்ற இரண்டு விரலும் வெளியே. வழுவழுப்பான துணி, தோலோடு ஒட்டிக் கிடந்தது. எவ்வளவு வேர்த்தாலும் வேர்வை துணிக்குள்ளே நின்றது, தடிக்கு வரவில்லை.

ஆனால் வலக்கையும் வேர்க்குமே. பின்னால் தடியைப் பிடித்திருக்கும் கை வழுக்கினால் அடி கோணும். அந்தக் கைக்கும் உறை போட்டால் தடி இன்னும் வழுக்கும். ஒரு கைக்கு வழுக்க வேண்டும், மற்றக் கைக்குப் பிடிக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு மாதம் போனது. பிறகு கடையிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் ரியூப் துண்டைக் கொண்டுவந்து தன் தடியின் அடிப்பக்கத்தில் இறுக்கிச் சுற்றினாள். பிடி அசையாமல் நின்றது. அதைக் கண்டு மண்டபத்தில் சிரிக்காத ஆளில்லை. "உவள் பில்லியட்ஸ் விளையாட வந்தவளோ, பஞ்சர் ஒட்ட வந்தவளோ?" என்றார்கள். அவள் ஒவ்வொருவராகத் தோற்கடித்துக்கொண்டு வந்தாள். இந்த வருடமும் இறுதிப் போட்டிக்கு அவளும் ஜெபசீலன் அண்ணையுமே வந்து சேர்ந்தார்கள்.

அன்று தர்சினி வேண்டுமென்றே நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வந்தாள். நான் கண்ணைக் காட்டினேன். "நெத்தியிலை பூசக் கூடாதெண்டு சட்டம் இல்லைத்தானே" என்றாள். ஆட்டம் தொடங்கப் போகும்போது நதானியேல் மாஸ்ரர் முன்னால் வந்தார்.

"பிள்ளை, குறை நினைக்காதையும். அந்த உறைக்குள்ளை என்ன இருக்கெண்டு குழுவிலை கேக்கினம்."

தர்சினி உறையை மெல்லக் கழற்றினாள். ஒவ்வொரு விரலாக உட்புறத்தை வெளியே இழுத்தாள். எல்லோரும் பார்க்க அதை உதறினாள். ஒன்றும் விழவில்லை. பிறகு அதை மாஸ்ரரின் உள்ளங்கையில் வைத்தாள்.

"பிடிச்சுப் பாருங்கோ மாஸ்ரர். என்ன இருக்கு?"

மாஸ்ரர் பிடித்துப் பார்த்தார். "ஈரமாக் கிடக்கு" என்றார்.

"ஓம். அது என்ரை வேர்வை. உள்ளை அதுதான் இருக்கு, வேறை ஒண்டும் இல்லை."

மாஸ்ரர் உறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் கையைக் காற்சட்டையில் துடைத்தார். அதை அவள் கண்டாள். நானும் கண்டேன். அந்த இடத்திலேயே அவளுக்கு இரத்தம் கொதித்துவிட்டது என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் தாளை வாங்கிய ஆசிரியைகளும் அப்படித்தான் துடைத்தார்கள்.

கோபத்தில் அவள் நன்றாகத்தான் விளையாடினாள். தன் பந்துகள் எல்லாவற்றையும் போட்டு முடித்துவிட்டாள், கடைசிக் கறுத்தப் பந்து மட்டும் மிஞ்சியது. அதைப் போட்டால் வெற்றி. அது ஒன்றும் பெரிய அடியில்லை. நூறு தடவை போட்டிருப்பாள். ஆனால் நிமிர்ந்து ஒருக்கால் மூச்சு விடாமல், குனிந்தபடியே அடித்துவிட்டாள். பந்து பொக்கற்றின் வாயில் இரண்டு பக்கமும் இடித்துவிட்டு வெளியே நின்றது. ஜெபசீலன் அண்ணை தன் மிச்சப் பந்தையும் போட்டார், கறுத்தப் பந்தையும் போட்டார்.

எனக்கு அழுகை வந்தது. உடனே பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு குரல்: "பாத்தியளே, திருநீறு இல்லையெண்டால் இவ்வளவுதான்!" சிலர் சிரித்தார்கள்.

தர்சினி திரும்பினாள். "நெத்தியிலை இவ்வளவு கிடக்கு, தெரியேல்லையோ?" என்றாள். "நான் தோத்தனான். அவசரப்பட்டது நான். என்ரை கை, என்ரை பிழை. ஒருத்தரும் அதை வேறை ஆற்றையும் தலையிலை போட வேண்டாம். அப்ப போன வருசம் வெண்டதும் இதே கைதான். தோல்வி என்ரையெண்டால் வெற்றியும் என்ரைதான்!"

சொல்லிவிட்டு ஒரு வாங்கை இழுத்துப் பலகைக்குக் கீழே போட்டாள். தடி நுனியில் பூசுகிற நீலச் சோக்குக் கட்டியைக் கையில் எடுத்தாள். வாங்கில் ஏறி, போன வருடத்துக்கு நேரே தர்சினி பொன்னம்பலம் என்று எழுதினாள். அதன் கீழே, இந்த வருடத்துக்கு நேரே, ஜெபசீலன் என்றும் எழுதினாள். எழுத்து கோணல்மாணலாகத்தான் இருந்தது.

"இறங்கும் பிள்ளை. குழு தீர்மானிக்காமல் அதிலை எழுதேலாது" என்றார் மாஸ்ரர். யாரோ அவரிடம் ஈரத்துணி ஒன்றைக் கொடுத்தார்கள். அவர் அதை வாங்கிக்கொண்டு பலகையடிக்கு வந்தார்.

ஜெபசீலன் அண்ணை அதிகம் கதைக்காதவர். தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து மாஸ்ரருக்கு முன்னால் நின்றார்.

"மாஸ்ரர், போன வருசம் நான் ஆரிட்டைத் தோத்தனான்? இவவிட்டையோ, ஒரு பொட்டலத்திட்டையோ? மூண்டு தரம் சாம்பியனான என்னை ஒரு சிட்டிகை திருநீறு வெண்டதெண்டால் வெக்கம் எனக்குத்தான். அவவின்ரை பேரை அழிக்கிறதெண்டால் என்ரையையும் அழியுங்கோ."

மாஸ்ரர் துணியை வாங்கில் வைத்துவிட்டு, "சோக்குத்தானே, தன்பாட்டிலை அழிஞ்சு போகும்" என்றார்.

"அழிஞ்சால் திரும்ப எழுதுவன். எனக்குக் கை வேர்க்கிறது நிண்டாலும் உது நிக்காது" என்றாள் தர்சினி.

சொன்னபடியே செய்தாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் சுன்னாகத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்திறங்கி, உறையைப் போட்டு, முதல் வேலையாக வாங்கில் ஏறுவாள். விசிறிக் காற்றில் மங்கிய எழுத்துகளுக்கு மேலே இன்னொரு தடவை எழுதுவாள். ஜெபசீலன் அண்ணையின் பெயரையும் விடமாட்டாள். பொன்னம்பலம் ஐயாவுக்கு இந்தக் கதை எப்படியோ போய்ச் சேர்ந்தது. "என்ரை பேரையும் சேத்தே எழுதினவள்?" என்று என்னிடம் கேட்டார். ஓம் என்றேன். அதற்குப் பிறகு இடக்கையைப் பற்றி அவர் ஒன்றும் கதைக்கவில்லை.

போன சனிக்கிழமை கடையில் வேலை கூடி அவள் பிந்தி வந்தாள். வந்து பார்த்தால் பலகையில் எழுத்துகள் ஏற்கெனவே பளிச்சென்று இருந்தன. அதே நீலச் சோக்கு; ஆனால் ஒவ்வொரு எழுத்தும் அச்சுப் போட்டது மாதிரி, சரியான அளவில், நேர்கோட்டில். அந்தக் கையெழுத்தை மிசன் பள்ளிக்கூடத்தில் படித்த எங்கள் எல்லோருக்கும் தெரியும். நதானியேல் மாஸ்ரர் யன்னலடியில் இருந்து, பேப்பருக்குள் முகத்தைப் புதைத்திருந்தார். எனக்கு மனம் இளகிவிட்டது. தர்சினிக்கும் இளகியிருக்கும் என்று நினைத்தேன்.

அவள் வாங்கில் ஏறினாள். தன் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உறை போட்ட கையால் அதை முழுவதும் துடைத்தாள். துடைத்த இடத்தில் தன் கோணல் எழுத்தில் திரும்ப எழுதினாள். மாஸ்ரர் பேப்பரைத் தாழ்த்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சோக்கிலை எழுத எனக்கே தெரியும் மாஸ்ரர்" என்றாள் அவள், வாங்கிலிருந்து இறங்காமலே. "நீங்கள் பெயின்ரரைக் கூப்பிடுங்கோ."