வெளுக்காத பனியன்

இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்: பொம்மை மேலிருந்த பனியனை உருவியது நான்தான். அதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

எட்டயபுரத்திலிருந்து நாகலாபுரம் போகிற வழியில் எங்கள் ஊர். கோடை வந்துவிட்டால் கோவில்பட்டியில் ஹாக்கிப் போட்டி நடக்கும். வடக்கே எங்கிருந்தெல்லாமோ ஆட்டக்காரர்கள் வந்து இறங்குவார்கள். சித்தப்பாவுக்கு ஹாக்கி என்றால் சோறு தண்ணி வேண்டாம். தனியாகப் போய்க் கத்துவதற்குக் கூச்சம் போலும், என்னையும் பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போவார். ஆட்டம் முடிந்ததும் மற்றப் பிள்ளைகள் நோட்டை நீட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். எனக்கு அது போதாது. காகிதத்தில் யார் வேண்டுமானாலும் கிறுக்கலாம். ஓடி விழுந்து புழுதியில் புரண்ட பனியன் வேண்டும், கையெழுத்தும் அதிலேயே வேண்டும். சிரித்தாலும் விரட்டினாலும் நகர மாட்டேன். இப்படியே இரண்டு பனியன் சேர்த்துவிட்டேன்.

மூன்றாவது, ஒரு கோலியுடையது. கோல் கம்பத்துக்கு முன்னால் காலில் தடித்த கட்டுகளோடு நிற்பவர். அன்றைக்கு நாலு கோல் விட்டு, அவருடைய டீம் தோற்றுப்போனது. மைதானத்துக்குப் பின்னால் இருந்த குழாயில் தலையைக் கொடுத்து நின்றுகொண்டிருந்தார். நேரே போய், "பனியன்" என்றேன். மொழி புரியாவிட்டாலும் கை நீட்டியது புரிந்துவிட்டது. தோற்றவனிடம் எவள் பனியன் கேட்பாள் என்பதுபோல ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு கழற்றினார். கழற்றியதோடு விட்டாரா? சுத்தமாகக் கொடுக்க வேண்டுமென்று குழாய்த் தண்ணீரில் அலசப் போனார்.

"ஐயோ, நனைச்சிராதீங்க!" என்று நான் போட்ட கூச்சலில் சித்தப்பா ஓடி வந்துவிட்டார். அந்த வேர்வைதானே எனக்கு வேண்டும்! சித்தப்பாவின் பால்பாயிண்ட் பேனாவைக் கொடுத்தேன். நெஞ்சுப் பக்கம் நீளமாகக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

வீட்டில் அம்மா மூக்கைப் பொத்தினாள். "எவன் வேர்வையோ! ஆக்கித் திங்கிற வீட்டுக்குள்ள இத வச்சிக்கிட்டு... குடுட்டி, வெளுத்துத் தாரேன்."

"வெளுத்தா அது வெறும் துணிம்மா. முன்ன ரெண்டும் அப்படித்தான போச்சு."

யூரியா மூட்டையின் உள்பையில் பனியனைப் போட்டு, வாயை இறுக்கிக் கட்டிப் பரணில் வைத்தேன். வாரம் ஒருமுறை அவிழ்த்து மோந்து பார்ப்பேன். கோலி அப்படியே உள்ளே இருந்தார்.

கார்த்திகைக் கடைசியில் கம்பு பால்பிடித்தது. எங்கள் பக்கம் மழையை நம்பி மானம் பார்த்த பூமி. அந்த ஒரு வெள்ளாமையில்தான் வருஷம் முழுக்கக் கஞ்சி. போன வருஷம் குருவி விரட்ட அப்பா ஒரு பொம்மை நிறுத்தியிருந்தார். அம்மா நன்றாக வெளுத்து மடித்துக் கொடுத்த பழைய சட்டை அதற்கு. குருவிகள் அதன் தோளிலேயே உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு இறங்கித் தின்றன. ஆள் வாடை இல்லாத சட்டைக்குக் குருவி பயப்படாது என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். ஆனால் வேர்த்த சட்டைக்கு எங்கே போவது? அப்பா கம்புக் காட்டில் வெறும் உடம்போடு வேலை செய்கிறவர். இருந்த இரண்டு சட்டையும் கல்யாண வீட்டுக்கும் சந்தைக்கும் போடுகிற சட்டைகள். ஊரிலேயே வேர்வை குறையாமல் பத்திரமாக இருந்தது பரணில் இருந்த என் பனியன் ஒன்றுதான்.

அரைப் பரீட்சை முடிந்து வந்து பார்க்கிறேன், பையைக் காணோம். காட்டுக்கு ஓடினேன். என் கோலி கம்பு நடுவில், சட்டித் தலையோடு கை விரித்து நின்றார். வெயில் நேரே கையெழுத்தின் மேல் அடித்தது. பாய்ந்துபோய்ப் பனியனை உருவிவிட்டேன்.

"ஏட்டி! அதத் தொடாத!" அப்பா வரப்பிலிருந்து கத்தினார். "மூணு நாளா ஒரு குருவி இறங்கல."

"எங்கிட்டக் கேட்டீங்களா? இது என்னோடது."

"பனியன் உன்னது, சரி. கஞ்சி யாருது? காட்ட யாரு காப்பா?"

நியாயமான கேள்வி. அதற்காக விட்டுக்கொடுக்க முடியுமா?

"நான் நிக்கேன். ஆள் வாடைதான வேணும்? ஆளே நிக்கேன்."

"நீயா? ஒரு பொழுது தாங்கமாட்ட."

அந்த ஒரு வார்த்தை போதாதா? பாவாடை சட்டைக்கு மேலேயே பனியனை மாட்டிக்கொண்டேன். முழங்கால்வரை தொங்கியது. லீவு பத்து நாளும், விடிந்ததிலிருந்து பொழுது அடையும்வரை காட்டில் நின்றேன். தகர டப்பாவைத் தட்டினேன், மண்கட்டியை எடுத்து எறிந்தேன், தொண்டை கட்டும்வரை கத்தினேன். கோலி நாலு கோல் விட்டார். நான் ஒரு குருவியைக்கூட விடுவதாக இல்லை. கால் கொப்பளித்தது, முகம் கறுத்தது. கூப்பிட வந்த அம்மாவையும் திருப்பி அனுப்பினேன். பாதையில் போனவர்கள் நின்று சிரித்தார்கள்.

"என்ன அண்ணாச்சி, இந்த வருசம் பொம்மை சத்தம் போடுது?" என்று ஒருவர் கேட்டார்.

"சிரிக்காதீரும்," என்றார் அப்பா. "உம்ம காட்டுல பாதிக் கருது குருவிக்குப் போச்சு. எங்காட்டுல எண்ணிப் பாரும்."

லீவு கடைசியில் அறுப்பும் முடிந்தது. அன்று பனியனைக் கழற்றினேன். கையெழுத்து இருந்த இடத்தில் லேசாக ஒரு நீலக் கறை மட்டும் கிடந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் மோந்து பார்த்தேன். வாடை முன்னைவிடக் கூடுதலாகவே இருந்தது. வெளுக்க வந்த அம்மா கையிலிருந்த சவுக்காரத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பனியனை மறுபடி பையில் போட்டுக் கட்டினேன்.

"கையெழுத்துப் போனாப் போகட்டும் சித்தப்பா," என்று, அப்போது வந்த சித்தப்பாவிடம் பையை அவிழ்த்து நீட்டினேன். "கோலி வேர்வை அப்படியே இருக்கு. மோந்து பாருங்க."

சித்தப்பா மோந்து பார்த்தார். கொப்பளித்த என் காலைப் பார்த்தார். "ஆமா, சரியான கோலிதான்," என்று சொல்லிப் பையைத் திருப்பிக் கொடுத்தார். வடக்கத்திக்காரரைச் சொல்கிறார் என்றுதான் வெகு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பனியனில் அப்போது ஊறியிருந்தது முழுக்க என் வேர்வைதான் என்று எனக்குத் தெரியவில்லை.