குணத்தைப் பார்த்து நான் பிடித்த கள்ளன்

பிள்ளைகளே, கள்ளனைக் குணத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம் என்று நான் முழுமனதாக நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை ஒரு கிழமைகூடத் தாங்கவில்லை.

கைபேசியில் பார்த்த காணொளி ஒன்றில் ஒரு மனநல மருத்துவர் பேசினார். பொறுமையின்மை, யோசிக்காமல் செய்வது, தன் பிழையை அடுத்தவர் தலையில் போடுவது: இந்தக் குணங்கள் குற்றம் செய்பவர்களிடம் கூடுதலாம். பிறகு “ஆனால்” என்று ஏதோ சொல்லத் தொடங்கினார். எனக்குப் பொறுமையில்லை, நிறுத்திவிட்டேன்.

அப்போது எங்கள் பின் அறையில் திரியாய் ஊரைச் சேர்ந்த ஓர் இளைஞர் வாடகைக்கு இருந்தார். துறைமுகத்தில் வேலை. சோறு ஆறும்வரைகூடப் பொறுக்கமாட்டார். எனக்கு அது போதுமாயிருந்தது.

ஒரு காலை, சந்தை மீன்காரர் வாசல் படலையில் வந்து நின்றார்.

“அண்ணை, என்ர சைக்கிளைக் காணேல்ல. உங்கட வீட்டுத் தம்பி அந்தப் பக்கம் நிண்டவராம். பொலிசுக்குச் சொல்லப்போறன்.”

இளைஞர் பின் அறையிலிருந்து ஓடிவந்தார். “நான் மீன் வாங்கப் போனனான், அண்ணை. பொலிசில பேர் விழுந்தா துறைமுக பாஸை நிப்பாட்டிப் போடுவினம். பிறகு வேலை இல்லை.”

“சொல்லுங்கோ, சொல்லுங்கோ,” என்றேன் மீன்காரரிடம். “இவற்ர குணம் எனக்குத் தெரியும்.”

குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்த உங்கள் அம்மா எட்டிப் பார்த்தார். “இஞ்சாருங்கோ, முருங்கையில சாத்தியிருக்கிறது ஆற்ர சைக்கிள்?”

“என்ரதான்.”

“உங்கட சைக்கிளுக்கு எப்ப கரியர் முளைச்சது?”

திரும்பிப் பார்த்தேன். கரியர் இருந்தது. சற்றுமுன் அதில் மீன் பையைக் கட்டிக்கொண்டு வந்தவனும் நான்தான். எங்கள் கடற்கரையில் உப்புக் காற்றுப் பட்டுச் சைக்கிள் பூட்டுகள் துருப்பிடித்துத் தேய்ந்துவிடும். எவருடைய திறப்பைப் போட்டுத் திருகினாலும் திறக்கும். சந்தையில் இது என் திறப்புக்குத் திறந்ததும், என்னுடையதை அங்கேயே விட்டுவிட்டு இதில் ஏறி மிதித்துவிட்டேன்.

“பூட்டில பிழை,” என்றேன்.

“பொறுமை இல்லை, யோசினை இல்லை, இப்ப பிழை பூட்டில,” என்றார் அம்மா. அந்தக் காணொளியை அவரும் பார்த்திருந்தார்.

மீன்காரர் சிரித்து முடிக்க நேரமெடுத்தது. இளைஞர் சிரிக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் பாஸை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

பின்னேரம் படலையடியில் காத்து நின்றேன். வந்து பெட்டியைக் கட்டிக்கொண்டு அறையை விட்டுப் போய்விடுவாரோ என்று பயம். வந்தார், என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“என்ன அண்ணை, இண்டைக்கு வேற ஆரையும் பிடிக்க நிக்கிறியளோ?”